பூசணிக்காய் வாங்கினார்கள், கையுறை வாங்கவில்லை

கட்டட வேலைக்குப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்களும் வாசிக்கலாம். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் சரோஜா. பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு. முன்பு கொழுந்து எடுத்தேன், பிறகு கட்டட வேலைக்கு மாறினேன். கட்டுகஸ்தோட்டையில் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் ஒன்றில் கையாளாக நின்றேன். மணல் சலிப்பது, சீமெந்து குழைப்பது, கல் சுமப்பது, மேசன் கேட்பதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் கையாளின் வேலை. என் புருஷன் மணி த்ரீவீலர் ஓட்டுகிறார். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். மணியின் அக்கா லெட்சுமி பக்கத்து வீடு.

முதலில் சோறு வெறுத்தது. பிறகு தேத்தண்ணீர் வெறுத்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தேத்தண்ணீர் வாசம் குமட்டினால் அது சின்ன வருத்தம் இல்லை, பெரிய நோய். எனக்கு அது அப்போது தெரியவில்லை. வேலைக்குப் போனேன். ஒரு வாளி மணலைத் தூக்கிவிட்டு உட்கார வேண்டியிருந்தது. சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. உடம்பெல்லாம் அரித்தது. கண் மஞ்சளானதை மகள்தான் முதலில் பார்த்தாள்.

"மஞ்சக்காமாலதான். சைட்டுல கண்ட தண்ணியையும் குடிக்கிறாள்ல" என்றார் லெட்சுமி அண்ணி.

காமாலைக்குக் கை கழுவிவிடும் ஒருவரிடம் என்னைக் கூட்டிப் போனார். அந்த ஆள் மந்திரம் சொல்லி, ஏதோ பூசி, சுண்ணாம்புத் தண்ணீரில் என் கையைக் கழுவினார். தண்ணீர் மஞ்சளானது. "பாத்தியா, எறங்குது" என்றார் அண்ணி. அங்கே யாருடைய கையைக் கழுவினாலும் தண்ணீர் மஞ்சளாகும் என்று பிறகுதான் யோசித்தேன். கீழாநெல்லியும் அரைத்துக் குடித்தேன். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. எழுந்து நிற்க முடியாமல் போனபோது மணி என்னை வத்தேகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அம்புலன்ஸில் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கண்டிக்குப் போனதும் இரத்தம் எடுத்தார்கள். மறுநாளும் எடுத்தார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன், சொன்னார்கள். ஈரல் அடிபட்டால் அதற்குள் இருக்க வேண்டிய சில பொருட்கள் இரத்தத்தில் கசிந்துவிடும். எவ்வளவு கசிந்திருக்கிறது என்று ஒரு பரிசோதனை. உடம்பில் எவ்வளவு மஞ்சள் தங்கியிருக்கிறது என்று இன்னொன்று. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. உறைய நேரமெடுத்தால் ஈரல் வேலையை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது கொஞ்சம் கூடியிருந்தது.

வார்டில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

"அக்கா, உங்களுக்கு ஈரல்ல அழற்சி. பி வகை வைரஸ். இது தண்ணியால வாறதில்லை. ரத்தத்தால வாறது. எப்பவாவது ரத்தம் ஏத்தினவையோ?"

"இல்ல டொக்டர்."

"பச்சை குத்தினதோ? பல்லுப் பிடுங்கினதோ? வெளியில ஊசி போட்டதோ?"

"இல்ல."

"வேற ஆற்றையாவது ரத்தம் உங்கட கையில பட்டதோ?"

"இல்ல டொக்டர்."

"சரி. புருஷன் பெஞ்சாதிக்குள்ளயும் இது பரவும். உங்கட அவரையும் ஒருக்கா செக் பண்ணுவம். குறை நினைக்காதேங்கோ, எல்லாரிட்டையும் கேக்கிறதுதான்."

இந்தக் கிருமியை உடனே கொல்லும் மருந்து கிடையாது என்றும் சொன்னார். ஓய்வும் சாப்பாடும் கவனிப்பும்தான். வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிருமி தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கினால் சத்தமில்லாமல் பல வருஷம் இருந்து ஈரலைக் கெடுக்கும். எது நடக்கும் என்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். மகளைப் பற்றிக் கேட்டேன். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு இதற்கான தடுப்பூசியைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு யாரும் போடவில்லை.

மணி இரத்தம் கொடுத்தார். முடிவு வந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. முதல் தடுப்பூசியையும் போட்டுவிட்டார்கள். எனக்கு அது நல்ல செய்தி. அண்ணிக்கு அது வேறு செய்தி.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் அண்ணி என் காலடியில் நின்றுகொண்டே சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"எந்தம்பிக்கு இல்ல. அப்ப இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு? விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் சைட்டுல ஆம்பளைங்க கூடத்தான கெடக்குறா."

நான் மணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் பேச்சு குறைந்தது. கஞ்சி கொண்டுவருவார். பிளாஸ்கைக் கழுவி வைப்பார். என் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துக் கொண்டுவருவார். வெளியே செய்யச் சொன்ன ஒரு பரிசோதனைக்கு ஓடித் திரிந்து பணம் கட்டினார். எல்லாம் செய்தார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சந்தேகத்தோடு கொண்டுவந்த கஞ்சியும் சூடாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

நோய் என்னைக் கொன்றாலும் பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. அப்படி யாராவது எழுதினால் நம்பாதீர்கள். பிழைக்கத்தான் நினைத்தேன். ஆனால் பிழைத்து எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவது என்பதுதான் படுத்தபடியே நான் யோசித்தது. எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரியாத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் பரீதா என்று அக்குரணையைச் சேர்ந்த வயதான அம்மா. ஒருநாள் அவர் திரும்பிப் படுத்தபோது கையில் செருகியிருந்த ஊசிக்குழாய் கழன்று தரையில் இரத்தம் சொட்டியது. அதிகம் இல்லை. வீட்டில் என்றால் காலால் தேய்த்துவிட்டுப் போவோம்.

துப்புரவு செய்யும் சிங்களப் பெண் வந்தார். கையுறை போட்டார். இரத்தத்தின் மேல் கடதாசியைப் போட்டு மூடினார். அதன் மேல் குளோரின் கரைசலை ஊற்றினார். பிறகு ஒன்றும் செய்யாமல் நின்றார். கிருமி சாக நேரம் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் துடைத்தார். துடைத்ததைத் தனிப் பையில் போட்டுக் கட்டினார். கையுறையைக் கழற்றிக் கையையும் கழுவினார்.

"என்ட ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவ்வளவு மரியாதயா மகள்?" என்று பரீதா அம்மா என்னிடம் கேட்டார். "என்ட மருமகள் எனக்கு இதில பாதி மரியாத தந்தா போதும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊசிக்குழாயைச் சரிசெய்ய வந்த தாதி மிஸ்ஸிடம் கேட்டேன். "ஏன் மிஸ், அந்தம்மாவுக்குச் சீனி வியாதிதானே?"

"யாரு ரத்தத்தில என்ன இருக்குனு பாத்தா தெரியாது. அதனால எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரிதான் நெனைக்கணும்."

எனக்குச் சிரிப்பு நின்றது.

எங்கள் சைட்டில் செல்வம் என்று ஒரு கம்பி வேலைக்காரன். கம்பளை பக்கத்துத் தோட்டத்துப் பையன், கலியாணமாகி ஒரு வருஷம்தான். மழை தொடங்குவதற்கு முன்பு, மேல்தட்டுக்குக் கம்பி கட்டும்போது வெட்டிய கம்பி முனை ஒன்று அவன் முன்கையைக் கிழித்துவிட்டது. படிக்கட்டில் இறங்கி ஓடிவந்தான். இரத்தம் படியெல்லாம் வழிந்தது. துணியைச் சுற்றி த்ரீவீலரில் ஏற்றி அனுப்பினார்கள். தையல் போட்டு ஆறிவிட்டது.

அவனை அனுப்பிய பிறகு வேலை நின்றது. எங்கள் ஆட்கள் இரத்தம் விழுந்த இடத்தைத் தாண்டி வேலை செய்ய மாட்டார்கள். இரத்தம் கண்ட கட்டடம் இன்னும் பலி கேட்கும் என்பார்கள். ஒரு பெண் அந்த இடத்தை மஞ்சள் தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு பூசணிக்காயில் குங்குமம் தடவிச் சுற்றி உடைத்து, சூடம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மேசன் கரண்டியைத் தொடுவார்கள். சைட்டைப் பார்க்கும் சுப்பவைசர் உடனே காசு கொடுத்துப் பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு, "சரோஜாக்கா, நீங்கதான் கழுவணும்" என்றார். அன்றைக்கு அங்கே நின்ற ஒரே பெண் நான்.

கையுறை இருந்தது. சுப்பவைசரின் அறை அலுமாரியில் புதிதாக, பையோடு இருந்தது. பாதுகாப்பு பார்க்க யாராவது வரும் நாளில் வெளியே வரும். நாங்கள் போட்டுக்கொண்டு நிற்போம். அவர்கள் போனதும் திரும்ப உள்ளே போய்விடும். அழுக்கானால் அடுத்த தடவைக்குக் காட்ட முடியாதாம்.

வெயிலில் இரத்தம் காய்ந்துவிட்டிருந்தது. புதுக் கொங்கிரீட் சொரசொரப்பானது, பிடித்த கறையை லேசில் விடாது. தேங்காய்மட்டையால் தேய்த்தேன். போகாத இடத்தில் விரலால் சுரண்டினேன். சீமெந்து குழைக்கிறவளின் கை எப்படி இருக்கும் என்று சீமெந்து குழைக்கிறவளுக்குத் தெரியும். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. நகத்தைச் சுற்றிப் புண். மஞ்சள் தண்ணீர் எரிந்தது. எரிந்ததால் நல்லதென்று நினைத்தேன். மஞ்சள்தான் எல்லாக் கிருமியையும் கொல்லுமே.

கொல்லாது. காய்ந்த இரத்தத்தில் இந்தக் கிருமி நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் ஒரு வெடிப்பு போதும், உள்ளே போய்விடும். உள்ளே போய் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டுத்தான் நோயைக் காட்டும். இதெல்லாம் டொக்டர் பிறகு சொன்னது.

"நான் கேட்டனான்தானே அக்கா, ரத்தம் கையில பட்டதோ எண்டு?"

கேட்டார்தான். நான் இல்லை என்றுதான் சொன்னேன். அது ஒருவனுடைய இரத்தம் என்று என் தலையில் இல்லை. தீட்டுக் கழித்தேன், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போனேன். பானை கழுவியதை யார் டொக்டரிடம் சொல்வார்கள்?

பரீதா அம்மாவின் இரத்தம் சொட்டிய அன்று மாலையே மணியிடம் சொன்னேன்.

"மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவுனதுக்கா வியாதி வரும்?" என்றார். "வெளியில சொல்லாத. சிரிப்பாங்க."

மறுநாளும் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். "அவங்க ஒன்ட்ட கேட்டுத்தான சொல்றாங்க" என்றார். டொக்டரைக் கூப்பிட்டு மணியின் முன்னாலேயே சொல்லவைத்தேன். டொக்டர் நேர்மையான ஆள். அப்படி வரலாம், வர நிறைய வாய்ப்பிருக்கிறது, ஆனால் அந்த ஆளைப் பரிசோதிக்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். மணி "சரிங்க டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினார்.

சுப்பவைசருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ஒங்க வீட்டு வியாதிய சைட்டு மேல போடாதீங்க" என்றார். "நாங்க முறைப்படி பூசணிக்கா ஒடச்சு, சூடம் காட்டித்தான வேலய ஆரம்பிச்சோம்? கொந்தராத்துக்காரரு அதுல ஒரு கொற வைக்கலியே."

"கிளவுஸ் குடுத்தீங்களா?"

"கிளவுஸ் போட்டுக்கிட்டா கழுவுவாங்க தீட்ட?"

நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பிறகு செல்வத்துக்குப் போன் அடித்தேன். அவன் இப்போது கம்பளையிலேயே ஒரு வேலையில் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு மாதிரி இருக்குறவனுக்கும் இருக்குமாம். தங்கிட்டா வெளியில தெரியாதாம். ஒரு தரம் ரத்தம் குடுத்துப் பாரு."

"பாத்து இருக்குனு வந்துச்சுனா? என் கப்புல ஒருத்தன் தண்ணி குடிப்பானா? ஒண்ணா நின்னு கம்பி கட்டுவானா? நீங்க நல்லா இருங்கக்கா, என்னைய விட்டுருங்க."

போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை. ஒரே கப்பில் தண்ணீர் குடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பக்கத்தில் நிற்பதாலோ இது பரவாது. அதை எங்கள் ஆட்களிடம் யார் போய்ச் சொல்வது? என் வீட்டிலேயே என் தட்டைத் தனியாக வைத்துவிட்டதாக மகள் சொன்னாள்.

டொக்டரிடம் சொன்னேன். அவனை இழுத்துவரவும் முடியாது, வந்தால் அவன் முடிவை மற்றவர்களிடம் சொல்லவும் முடியாது என்றார். பிறகு கேட்டார், "அவருக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

அதற்குப் பிறகு அவர் விளக்கியதைத்தான் நான் செல்வத்திடம் சொன்னேன். பரீதா அம்மாவின் போனில் இருந்து அடித்தேன், நம்பர் தெரியாததால் எடுத்துவிட்டான்.

"வைக்காத. ஒங்கிட்ட எனக்காகப் பேசல. ஒம்பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு கேள்விப்பட்டேன். எத்தன மாசம்?"

"ஏழு."

"ஒனக்கு இருந்தா அவளுக்கும் இருக்கலாம். அவளுக்கு இருந்தா பொறக்கும்போதே பிள்ளைக்கு ஒட்டிக்கும். பிள்ளைக்கு ஒட்டினா அனேகமாப் போகாதாம், ஆயுசுக்கும் இருக்குமாம். ஆனா முன்னாடியே தெரிஞ்சா, பொறந்த ஒடனே ஊசி போட்டுக் காப்பாத்திரலாமாம். தெரியாட்டி எப்படிப் போடுவாங்க? கப்புல எவன் தண்ணி குடிப்பான்னு நீ யோசிச்சிக்கிட்டே இரு."

இந்தத் தடவை நான் வைத்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. இரத்தம் உறையும் நேரம் சரியாகிக்கொண்டு வந்தது. கொஞ்சம் சோறு இறங்கியது. டிக்கட் வெட்டலாம் என்று பேச்சு வந்தது. வீட்டுக்கு அனுப்புவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கட்டிலைச் சுற்றி எல்லாரும் வீட்டுக்குப் போக ஏங்கினார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் என்னை எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணி வாழைப்பழம் கொண்டுவந்து, கட்டிலைத் தொடாமல் பையோடு வைத்தார். அப்போது வாசலில் செல்வம் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நேராக மணியிடம் வந்தான்.

"அண்ண, நான்தான் செல்வம். சைட்டுல என் கை கிழிஞ்சப்ப சரோஜாக்காதான் ரத்தத்தக் கழுவுனாங்க. வெறுங்கையில. நான் டெஸ்ட் எடுத்துட்டேன். எனக்கு இருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னு சொல்றாங்க. எங்கேருந்து வந்துச்சுனு எனக்கே தெரியாது. இவளுக்கும் எடுத்திருக்கு, அது இன்னும் வரல. முடிவு எப்படி வந்தாலும் பிள்ளைக்கு ஊசி ஏற்பாடு பண்ணிப் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

 வார்டில் எல்லாருக்கும் கேட்டது. யாருக்கும் தெரியக்கூடாது என்று போனை வைத்த பையன்தான் அவன்.

முதலில் பேசியது அண்ணி. "நான் அப்பவே சொன்னேன்ல, எங்க சரோஜா அப்படிப்பட்டவ இல்லேன்னு."

பக்கத்துக் கட்டிலில் பரீதா அம்மாவுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை.

மணி செல்வத்தின் தோளைத் தொட்டார். "வா தம்பி, கீழ போய் ஒரு டீ குடிப்போம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார். "இத மொதல்லயே வெவரமாச் சொல்லிருக்கலாமே சரோஜா" என்றார்.

"சொன்னேன். ரெண்டு நாளும் சொன்னேன். டொக்டர வச்சும் சொன்னேன்."

அவர் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். அவன் மனைவி என் கட்டிலில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டோம்.

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யாருடைய இரத்தமானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். அடிபட்டவனைத் தூக்கும்போது கையுறை இல்லையென்றால் சீமெந்துப் பையின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையாவது கையில் சுற்றிக்கொள்ளுங்கள். சிந்திய இரத்தத்தின் மேல் குளோரின் கரைத்து ஊற்றி, காத்திருந்து, பிறகு துடையுங்கள். மஞ்சள் தண்ணீர் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு ஊற்றுங்கள், பூசணிக்காயும் உடையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. புண்ணில் இரத்தம் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள். உடனே போனால் தடுக்க ஊசி இருக்கிறது. வேலையில் சேரும்போதே தடுப்பூசி கேளுங்கள். அது சில மாதத்தில் மூன்று தடவை போடுவது. அலுமாரியில் இருக்கும் கையுறையைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் கழுவாதீர்கள். நீங்கள் கழுவாமல் அங்கே வேலை தொடங்காது. அது அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் கிருமி என் உடம்பை விட்டுப் போயிருந்தது. டொக்டர் கைகொடுத்தார். மணிக்குச் சந்தோஷம். திரும்பும்போது த்ரீவீலரை மெதுவாக ஓட்டினார். வத்தேகம கடைவீதியில் நிறுத்தி, எனக்குப் பிடித்த, உள்ளே மீன் வைத்த மாலுபாண் வாங்கிக் கொடுத்தார். மேடு ஏறும்போது, திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னமும் என் மேல கோவமா?"

"ஆமா" என்றேன்.

மாலுபாணில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.